அப்பா பட்டாளத்தில், லத்தி தெருவில்: ‘கருக்கு’ குறித்து

சிவில் நிர்வாகமும் ராணுவமும் இரண்டு கைகள், இரண்டும் ஒத்துழைத்தால் தேசம் எழும்பும் என்கிறார்கள் தேச நிர்மாணம் பேசுகிறவர்கள். புயலோ, வெள்ளமோ, கலவரமோ, நிர்வாகம் கேட்டால் பட்டாளம் வரும். சரி. பட்டாளத்துக்கு ஆள் போன தெருக்களில் சேரித் தெருவும் உண்டே, அந்தத் தெருவுக்குள் நிர்வாகம் எந்த ரூபத்தில் வந்தது? பாமாவின் ‘கருக்கு’ (1992) இந்தக் கேள்வியை வைத்திருக்கிறது. மதம், கன்னியர் மடம், சுயசரிதை என்றே பெரும்பாலும் வாசித்துப் பழகிய விமர்சனம் அதைக் காதில் வாங்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. ஊர்ப் பெயர் சொல்லாமல் எழுதினாலும், சின்னப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற நம்ம சிவகாசிப் பக்கம்தான் அது. அப்பா பட்டாளத்தில், அம்மா காட்டு வேலையில். கல்லறைத் தோட்டம் யாருக்கு என்று சாலியருக்கும் பறையருக்கும் சண்டை மூள்கிறது. அப்போது வருகிறது நிர்வாகம், ரிசர்வ் போலீசாக. ஆம்பளைங்க ஓடி ஒளியுறாங்க, தெருவில் மிச்சம் பொம்பளைங்களும் பிள்ளைகளும். செத்த மகன் முகத்தைப் பார்க்கப் பெத்த தகப்பன் சேலை கட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. எல்லைக்குக் காவல் ஆள் அனுப்புகிற தெருவில் ஒரு ஆம்பளை வேட்டியோடு நிற்க முடியவில்லை. நமக்குக் கிடைத்த ஒத்துழைப்பின் லட்சணம் இது.

இந்த மண்ணில் இதற்கு முன்கதை உண்டு. விருதுநகர் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1957 செப்டம்பர் 10இல் அந்த மாவட்டக் கலெக்டர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். பட்டாளத்திலிருந்து திரும்பிய இம்மானுவேல் சேகரன் அதில் கலந்துகொண்டார். மறுநாளே பரமக்குடியில் கொல்லப்பட்டார். 2010இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது அரசு. 2011 செப்டம்பர் 11இல், அவர் நினைவு நாளன்று பரமக்குடியில் திரண்டவர்கள்மீது சுட்டது போலீஸ். ஆறு உயிர் போனது.

‘கருக்கு’ மீது எனக்கு ஒரு குறை உண்டு. பட்டாளத்து அப்பா ஓரமாகவே நிற்கிறார். லீவில் வந்தவர் எதைப் பார்த்தார்? யூனிபார்மைக் கழற்றியதும் ஊர் அவரை என்னவென்று கூப்பிட்டது? அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவங்க நம்ம தெருக்களில் இருக்காங்க. அவங்க வாயால் கேட்டு எழுதுவோம் தோழர்களே. தேச நிர்மாணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.