உரக்கக் கேட்டால் தூரம்

பொந்தியானாக் என்னும் பெண்பேயின் அழுகை உரக்கக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள். கிள்ளான் பக்கம் வளர்ந்தவர்கள் இதை யார் வாயிலாவது கேட்டிருப்பார்கள். மலாய்க்காரர்களின் நம்பிக்கைதான். ஆனால் தோட்டத்து லயங்களில் விளக்கணைந்த பிறகு நம் பாட்டிமார்களும் அதைச் சொந்தக் கதையாக்கிக்கொண்டார்கள். குழந்தை அழுவதுபோல் சத்தம் பெரிதாக வருகிறதா, நிம்மதியாகப் படு. குறைந்துகொண்டே போகிறதா, சன்னலைச் சாத்து.

இன்றைக்குப் பேய்ப்பட டிரெய்லர் வெட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அவர்களுக்கு உரத்த சத்தம்தான் பேய்.

போன பள்ளி விடுமுறையில் தங்கை மகனை ஒரு நகைச்சுவைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். கிள்ளானில் ஒரு திரையரங்கு. படம் தொடங்குமுன் விளம்பரங்கள், அதன் பின் டிரெய்லர்கள். நாலாவதாக வந்தது ஒரு பேய்ப்படத்தினுடையது. நீளமான தாழ்வாரம், கடைசியில் பாதி திறந்த கதவு, கையில் டார்ச்சோடு ஒரு பெண். இசை மெல்ல வடிந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் நின்றது. அரங்கில் குளிர்சாதனம் ஓடுகிற இரைச்சல் அப்போதுதான் என் காதில் விழுந்தது. அந்தக் கணம் அருமையானது. அடுத்த கணம் ஸ்பீக்கர் மொத்தமும் அலற, வாய் பிளந்த முகம் ஒன்று திரையை நிறைத்தது. பக்கத்து வரிசையில் பாப்கார்ன் கொட்டியது. பெரியவர்கள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுச் சிரித்தார்கள். ஏழு வயதுப் பையன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தவன், இடைவேளைவரை விடவில்லை.

பெரியவர்களின் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயந்தவன் சிரிப்பதில்லை. ஏமாந்தவன்தான் சிரிப்பான்.

தொல்காப்பியர் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று அச்சம். அது பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறார். பிறகு இன்னொரு நீண்ட பட்டியல் வருகிறது. அதில் ‘வெரூஉதல்’ என்று ஒன்றைத் தனியே வைக்கிறார். உரையாசிரியர் பேராசிரியர் அதை விலங்கும் பறவையும் வெருள்வதோடு ஒப்பிடுகிறார்: அஞ்ச வேண்டாததைக் கண்டும் சட்டென்று பிறந்து சட்டென்று மறைவது. இன்று ‘ஜம்ப் ஸ்கேர்’ என்கிறோமே, அதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. டிரெய்லர்கள் நமக்கு அச்சத்தை விற்பதாகச் சொல்லி வெரூஉதலைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கின்றன. என் புகார் இவ்வளவுதான்.

அதை விரிப்பதற்குமுன் தொழிலின் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கிள்ளானில் டிரெய்லர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுத்துப் போகும் நீள லோரிதான். இரண்டுக்கும் பெயர்க்காரணம் ஒன்றே: பின்னால் தொடர்ந்து வருவது. ஆரம்பத்தில் இந்த முன்னோட்டங்களைப் படம் முடிந்த பின்தான் காட்டினார்கள். சனம் எழுந்து போய்விடவே முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அதன் பாடு இதுதான்: இரண்டு நிமிடத்தில், அறிமுகமே இல்லாத ஆட்களை வைத்து, பாதி வெளிச்சத்தில் கைப்பேசி நோண்டிக்கொண்டிருப்பவரைப் பயமுறுத்த வேண்டும். முழுப் படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் இதற்குக் கிடையாது.

ஆகவே காதைப் பிடிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட ஆட்களுக்குத் தோன்றுவதில்லை. நாற்காலி அதிரும்படி ஓர் அடித்தொண்டை உறுமல், அதன்மேல் வில் இழுத்துக் கிறீச்சிடும் வயலின், இதயத்துடிப்பு போன்ற தட்டல், நடுநடுவே முழுக் கறுப்புத் திரை. அந்தக் கறுப்பு சாமானியமானதல்ல. கண் சிமிட்டும் நேரத்தில் ஏதோ நடந்துவிட்டது என்ற சந்தேகத்தை அது கிளப்புகிறது. அடுத்த காட்சியில் கதவு கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் போதும். ‘இன்செப்ஷன்’ (2010) டிரெய்லரில் ஒலித்த கப்பல் சங்கு போன்ற கனத்த முழக்கத்தை அதன் பின் எத்தனை படங்கள் கடன் வாங்கின என்பதற்குக் கணக்கே இல்லை.

திடுக்கிட வைக்கும் உத்தி இதைவிடப் பழசு. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒருத்தி இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் ஏதோ வருகிறது. உறுமலை எதிர்பார்க்கும் நேரத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. ஜாலான் துன் சம்பந்தனில் ரேபிட் கேஎல் பேருந்து பிரேக் காற்றை விடும்போது துள்ளியவர்களுக்கு இது புரியும். ஆனால் அந்தப் படத்தில் பேருந்து வருமுன் ஒரு நீண்ட நடை இருக்கிறது, அவள் காலடி ஓசை இருக்கிறது. இன்றைய டிரெய்லர்கள் நடையை வெட்டிவிட்டுப் பேருந்துகளை மட்டும் வரிசையாக விடுகின்றன. ஒரு தமிழ்ப் பேய்ப்பட டிரெய்லரில் அவை எத்தனை என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். இரண்டு கையும் போதாமல் விட்டுவிட்டேன்.

ஒன்றையுமே காட்டாமலும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி 1960இல் ஹிட்ச்காக் ‘சைக்கோ’வுக்குச் செய்த டிரெய்லர். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். வீடு வாங்க வந்தவருக்குச் சுற்றிக்காட்டும் தரகர் மாதிரி, கோட்டுப் போட்ட அந்தத் தொப்பைக்காரர் விடுதியையும் அதன் பின்னாலுள்ள பழைய வீட்டையும் நமக்குக் காட்டிக்கொண்டு நடக்கிறார். பின்னணியில் விளையாட்டான இசை. மாடிப்படியில் நிற்கிறார், இங்கேதான் நடந்தது என்கிற மாதிரி ஆரம்பித்து, முகத்தைச் சுளித்து வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார். குளியலறைக்குள் போகிறார். எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. கழிப்பறை மூடியைத் தூக்கிப் பார்த்து, துப்பு ஒன்று இதற்குள்தான் கிடைத்தது என்கிறார். படத்திலிருந்து ஒரு காட்சிகூட இதுவரை வரவில்லை. கடைசியில் திரைச்சீலையை இழுக்கிறார். ஒரு பெண்ணின் அலறல். அந்தப் பெண்கூட அக்காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்ல, விக் வைத்த வேரா மைல்ஸ். ஆறு நிமிடத்தில் ஒரே ஓர் அலறல். அதைத் தாங்கி நிற்பவை அவர் முடிக்காமல் விட்ட வாக்கியங்கள்.

1979இல் ‘ஏலியன்’ வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. வசனமே இல்லாத டிரெய்லர். பிளக்கும் முட்டை, ஓடும் ஆட்கள், சங்கொலி போல் ஏறி இறங்கும் ஓலம். அந்த மிருகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களால் சொல்லியிருக்க முடியாது.

நம் படங்களுக்கு வருவோம். ‘முனி’, ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வகையறாக்களின் டிரெய்லர்களில் பயம் கால்வாசிதான். மீதி சிரிப்பு, குத்துப்பாட்டு, கதாநாயகன் நடை. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் எல்லாம் ஒரே இலையில் விழுகிற மாதிரி. இதைக் குறையென்று சிலர் சொல்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். படமும் அப்படித்தான் இருக்கப்போகிறது என்பதால் அது நேர்மையான விளம்பரம். என் வருத்தம் வேறு. நம்மிடம் இருந்த மெல்லிய ஒலிகளை நாமே தொலைத்துவிட்டோம். ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), ‘யார் நீ’ (1966) காலத்தில் பேய்ப்படத்தின் பயம் ஒரு பாட்டில் இருந்தது. வானொலியில் அது ஒலித்தால் அதுவே விளம்பரம். கொலுசுச் சத்தம் ஒன்று போதும், மூன்று தலைமுறைத் தமிழர்களுக்கு முதுகு சில்லிடும். அதே கொலுசை இப்போது எட்டு ஸ்பீக்கரில் இடிபோல இறக்கினால் அது நகைக்கடை விளம்பரம்.

கதையை முழுக்கச் சொல்லிவிடுவது அடுத்த நோய். வீட்டுக்குக் குடிவருகிறார்கள், குழந்தை தனியாகப் பேசுகிறது, பழைய கொலை தெரியவருகிறது, மந்திரவாதி வருகிறார், சங்கிலி அறுகிறது. மிச்சம் என்ன, வாகன நிறுத்தக் கட்டணமா? அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர் சங்கம் 2014இல் டிரெய்லர் இரண்டு நிமிடத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. நம் பக்கத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தால் மந்திரவாதியாவது மிஞ்சுவார். யூடியூபில் வேறு, டிரெய்லர் தொடங்குமுன் அதற்கே ஐந்து வினாடி டிரெய்லர் போடுகிறார்கள்; பார்வையாளர் தாண்டிப் போய்விடுவாரோ என்ற பயம். டிரெய்லர்களிலேயே உண்மையான பயம் அது ஒன்றுதான்.

சில நேரம் டிரெய்லர் வேறு சரக்கையே விற்றுவிடுகிறது. 2023 தொடக்கத்தில் ‘பூலாவ்’ என்ற மலேசியத் திகில் படத்தின் டிரெய்லர் வந்தபோது நாடு முழுக்கப் பேச்சு. பேயைப் பற்றி யாரும் பேசவில்லை. கடற்கரைக் காட்சிகளையும் உடைகளையும் பற்றித்தான் சண்டை. சாபம் பிடித்த தீவின் கதைக்கு இதைவிடப் பெரிய சாபம் வேண்டாம்.

ஆனால் நான் மன்னிக்க முடியாதது, கேட்காதவன் மேல் பயத்தைத் திணிப்பது. 2018இல் ‘தி நன்’ படத்துக்கு யூடியூபில் ஒரு சிறு விளம்பரம் விட்டார்கள். திரையில் ஒலியளவைக் குறைக்கும் குறி மட்டும் தெரியும். கைப்பேசிதான் ஏதோ செய்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்க்கும்போது கன்னியாஸ்திரிப் பேய் அலறிக்கொண்டு பாயும். எதிர்ப்பு வந்ததும் யூடியூப் அதை நீக்கியது. அதே ஆண்டு பிரிட்டனில், சிறுவர் காணொளிகளுக்கு முன்னால் ‘இன்சிடியஸ்’ வரிசைப் படமொன்றின் விளம்பரம் ஓடியதை அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் கண்டித்தது. இங்கே திரையரங்கில் ஓடும் டிரெய்லர் தணிக்கை வாரியத்தின் கையைத் தாண்டித்தான் வருகிறது. ஆனால் தணிக்கை பார்ப்பது அந்தத் துண்டை. அதை எந்தப் படத்துக்கு முன்னால், எந்த வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஓட்டுகிறார்கள் என்பதில்தான் ஓட்டை. குடும்பத்தோடு சிரிக்க வந்தவர்களுக்கு அலறல் எதற்கு? பேய்ப்பட டிரெய்லரைப் பேய்ப்படத்துக்கு முன்னால் போடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பணம் கொடுத்துப் பயப்பட வந்தவர்கள்.

இந்த வட்டாரத்தின் பொந்தியானாக் படங்களின் வரலாறு ஓர் இந்தியரின் கையில் தொடங்கியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் தயாரித்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ்; பேயாக மரியா மெனாடோ. படம் பெரும் வெற்றி பெற்றது, தொடர்ச்சிகள் வந்தன. பிறகு நீண்ட காலம் இந்த நாட்டில் திகில் படங்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின. 2004இல் ஷுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹரும் சுண்டல் மாலாம்’ கதவைத் திரும்பத் திறந்தது. அதற்குப் பின் வந்த எமிர் எஸ்வானின் ‘ரோஹ்’ ஒரு காடு, ஒரு குடிசை, சேறு பூசிய ஒரு சிறுமி என்று மிகச் சிறிய செலவில் எடுக்கப்பட்டு, மலேசியாவின் சார்பில் ஆஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்டது. ராவின் முதல் ‘பொந்தியானாக்’ இன்று பார்க்கக் கிடைக்காது, படச்சுருளே தொலைந்துவிட்டது. யாரும் பார்க்க முடியாத அந்தப் படத்தைப் பற்றித்தான் இன்னும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிள்ளானிலும் செந்தூலிலும் மடிக்கணினியில் குறும்படம் வெட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேய்ப்பட டிரெய்லரில் கடைசிப் பத்து வினாடிக்கு ஒலியை ஏற்றாதீர்கள். இறக்கிப் பாருங்கள். அழுகை தேய்ந்து தேய்ந்து காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கட்டும். எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ச் சன்னலைச் சாத்துகிறார்கள் என்று பார்ப்போம்.