நூவோ இயக்கி: தன்னார்வ உழைப்பும் பூட்டிய வன்பொருளும்

நூவோ என்பது என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டைகளை லினக்ஸ் இயங்குதளத்தில் இயக்குவதற்காக உருவான திறந்த மூல இயக்கி. இயக்கி என்பது வழக்கில் டிரைவர் எனப்படும் மென்பொருள். இயங்குதளம் வன்பொருளோடு பேசுவது இதன் வழியாகத்தான். 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய இத்திட்டத்துக்கு, பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்ற பொருள் தரும் சொல்லே பெயராயிற்று. உற்பத்தியாளர் ஒதுங்கிக்கொண்டாலும் தன்னார்வலர்கள் எந்தக் கருவியையும் லினக்ஸில் இயங்கவைத்துவிடுவார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு நூவோவின் வரலாறு நல்ல சான்று.

உருவான விதம்

நூவோவுக்கு முன்பு லினக்ஸில் என்விடியா அட்டைகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிறுவனம் தரும் மூடிய இயக்கி. மற்றொன்று, 'என்வி' என்ற சிறிய திறந்த இயக்கி. இதையும் நிறுவனமே தந்தது. ஆனால் இது இருபரிமாணப் படங்களுக்கு மட்டுமே உதவியது. இதன் மூலநிரலும் படிப்பவருக்கு எளிதில் புரியாதபடி எழுதப்பட்டிருந்தது. அந்த நிரலைத் துப்புரவாக்கும் முயற்சியாகத்தான் நூவோ தொடங்கியது.

அட்டையின் உள்ளமைப்பைப் பற்றிய ஆவணம் எதுவும் கையில் இல்லாததால், மீள்பொறியியல் ஒன்றே வழியாக இருந்தது. மூடிய இயக்கியை ஓடவிட்டு, அது அட்டையின் எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதுகிறது என்று பதிவு செய்வார்கள். ஓர் அமைப்பை மாற்றிவிட்டு மறுபடியும் பதிவு செய்வார்கள். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து, அந்த எண் என்ன செய்கிறது என்று ஊகிப்பார்கள். இதற்கென்றே 'எம்எம்ஐஓடிரேஸ்' என்ற கருவி எழுதப்பட்டு, 2008இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது. பல வகை அட்டைகளை வைத்திருந்த பயனர்கள் தங்கள் கணினியில் எடுத்த பதிவுகளை அனுப்பி உதவினார்கள். அட்டையை விற்றவரிடம் கையேடாக இருந்ததை, வாங்கியவர்கள் கூடி உட்கார்ந்து மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.33இல் நூவோ இடம்பெற்றது. அதற்கு முன்பே ஃபெடோரா 11 இதைத் தன் இயல்பான இயக்கியாக வைத்திருந்தது.

பராமரிப்பவர் யார்

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலோடு பராமரிப்பாளர் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் நிலையும் அதில் ஒரு சொல்லால் குறிக்கப்படும். 'ஆதரவு உண்டு' என்றால், அந்த வேலைக்கு யாரோ ஊதியம் பெறுகிறார்கள் என்று பொருள். 'பராமரிக்கப்படுகிறது' என்றால் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் பொருள். நேரம் கிடைக்கும்போது சில திருத்தங்களைச் செய்பவருக்கு ஒரு நிலை உண்டு. யாருமே இல்லாத பகுதி 'அநாதை'. திறந்த மூல உலகின் உழைப்பு நிலவரத்தை இவ்வளவு ஒளிவுமறைவின்றிச் சொல்லும் ஆவணம் வேறு இருப்பது அரிது.

2019இல் நெகிழ்வட்டு இயக்கி இந்தப் பட்டியலில் அநாதையாயிற்று. அதைக் கவனித்து வந்தவரிடம் ஓடக்கூடிய நிலையில் ஒரு நெகிழ்வட்டு இயக்ககம் இல்லாமல் போனதே காரணம். பின்னர் வேறொருவர் பொறுப்பேற்றார். இங்கே குறையாகிப்போனது கருவி மட்டுமே. நிரலில் கோளாறு எதுவும் இல்லை. சோதித்துப் பார்க்கக் கருவியும், அதற்கு ஒதுக்க நேரமும் உள்ள ஒரு மனிதர் இருக்கும்வரைதான் 'ஆதரவு' என்ற சொல்லுக்குப் பொருள்.

நூவோவை முற்றிலும் தன்னார்வலர்களின் படைப்பாகப் போற்றுவதும் சரியல்ல. பல ஆண்டுகள் அதன் முதன்மைப் பராமரிப்பாளராக இருந்த பென் ஸ்கெக்ஸ் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஊழியர். என்விடியா செய்ய மறுத்த வேலைக்கு வேறொரு நிறுவனம் ஊதியம் கொடுத்தது. மீதியை ஓய்வு நேரத்தில் உழைத்தவர்கள் செய்தார்கள். 'சமூகம் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லும்போது இந்தக் கணக்கு மறைந்துபோகிறது. அப்படி மறைவது உற்பத்தியாளருக்கு வசதியானது.

கையொப்பப் பூட்டு

மீள்பொறியியலுக்கு வேண்டியது பொறுமை. பொறுமையால் திறக்க முடியாத ஒன்று 2014இல் வந்தது. மேக்ஸ்வெல் வரிசையின் இரண்டாம் தலைமுறையிலிருந்து, அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் என்விடியாவின் மின்னணுக் கையொப்பம் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று. வரைகலை அட்டை தொடங்கும்போது குறைந்த கடிகார வேகத்தில் தொடங்கும். பின்னர் மின்னழுத்தத்தையும் விசிறியையும் சரிசெய்து வேகத்தை உயர்த்துவது இயக்கியின் வேலை. கையொப்பமில்லாத ஃபர்ம்வேரை அட்டை ஏற்காததால், நூவோவால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. நிறுவனம் 2016 முதல் சில ஃபர்ம்வேர்களைக் கையொப்பத்துடன் வெளியிட்டது. திரையில் முப்பரிமாணப் படம் வர அவை போதும். வேகத்தை உயர்த்துவதற்கு உரியது அவற்றில் இல்லை.

இதன் விளைவு விசித்திரமானது. 2012இல் வந்த கெப்ளர் அட்டையில் நூவோ வேகத்தை உயர்த்த முடியும். 2016இல் வந்த பாஸ்கல் அட்டை, ஜிடிஎக்ஸ் 1060 போன்றது, அதே இயக்கியின் கீழ் தொடக்க வேகத்திலேயே தங்கிவிடுகிறது.

மலிவான அட்டையின் ஃபர்ம்வேரை மாற்றி விலை உயர்ந்த அட்டை என விற்கும் மோசடியைத் தடுக்கவும், பாதுகாப்புக்காகவும் கையொப்பம் தேவை என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அது பொய்யான காரணம் அல்ல. ஆனால் கையொப்பம் இடுவதும், கையொப்பமிட்டதைத் தர மறுப்பதும் வேறு வேறு செயல்கள். மோசடியைத் தடுப்பதற்கு முதலாவது போதும். இரண்டாவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

2022க்குப் பின்

2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தை வசைச்சொல்லால் திட்டியதிலிருந்து பத்து ஆண்டுகள் கழிந்திருந்ததால், பலரும் இதைப் பெரிய திருப்பமாகக் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் திறக்கப்பட்டது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். 2018இல் வந்த டூரிங் வரிசை முதல் அட்டைக்குள்ளேயே 'ஜிஎஸ்பி' என்ற தனிச் செயலி இருக்கிறது. முன்பு இயக்கிக்குள் இருந்த வேலைகளில் பெரும்பகுதி அதன் ஃபர்ம்வேருக்குள் இடம் மாறியது. அந்த ஃபர்ம்வேர் இன்றும் மூடியதே.

இருந்தாலும் பயன் கிடைத்தது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 முதல் நூவோ இந்த ஃபர்ம்வேரைப் பயன்படுத்துகிறது; டூரிங்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளும் உரிய வேகத்தில் ஓட வழி பிறந்தது. விடுபட்டவை இடையில் வந்தவை: மேக்ஸ்வெல்லின் பிற்பகுதி, பாஸ்கல், வோல்டா. இவற்றில் ஜிஎஸ்பி இல்லை. வேகத்தை உயர்த்தும் ஃபர்ம்வேரும் தரப்படவில்லை. 2025இல் என்விடியா தன் மூடிய இயக்கியில் 580 வரிசையே இவற்றுக்குக் கடைசி என்று அறிவித்தது. அந்த வரிசைக்கான திருத்தங்கள் நின்றபின், இந்த அட்டைகளை வைத்திருப்பவர்களுக்கு எஞ்சுவது நூவோ மட்டுமே. உற்பத்தியாளர் கடையைச் சாத்திவிட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போவதைப் போன்றது இது. பழைய அட்டையைப் பாதி விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும் மாணவர்களைத்தான் இது முதலில் தாக்கும்.

ஏஎம்டி நிறுவனம் 2007இல் தன் அட்டைகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்து, அப்படியே செய்தது. 2012இல் விற்பனைக்கு வந்த அதன் முதல் ஜிசிஎன் அட்டைகளை, 2025இல் வால்வ் நிறுவனத்துக்காகப் பணிபுரிந்த ஒருவர் புதிய 'ஏஎம்டிஜிபியு' இயக்கியில் செம்மையாக ஓடவைத்தார். பதின்மூன்று ஆண்டுப் பழைய அட்டைக்கு வெளியாள் ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது. இரு தரப்புப் பராமரிப்பாளர்களின் திறமையில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை.

விலகல்கள்

2023 செப்டம்பரில் ஸ்கெக்ஸ் பொறுப்பிலிருந்து விலகினார். 2024 ஏப்ரலில் அவரே என்விடியாவின் ஊழியராக நூவோவுக்கு 156 திருத்தங்கள் கொண்ட ஒரு தொகுப்பை அனுப்பினார். முதலிலேயே நிறுவனம் செய்திருக்க வேண்டியது இதுதான் என்று நினைக்காமல் இருப்பது கடினம். 2025 பிப்ரவரியில் கரோல் ஹெர்ப்ஸ்ட் விலகியபோது, அவர் சொன்ன காரணம் உற்பத்தியாளரைப் பற்றியது அல்ல. கெர்னல் பராமரிப்பாளர்களிடையே வழங்கும் பேச்சும் நடத்தையும் பற்றியது. எல்லாப் பழியையும் என்விடியாவின் மேல் போடுபவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

புதிய அட்டைகளுக்காக ரஸ்ட் மொழியில் 'நோவா' என்ற இயக்கி எழுதப்பட்டு வருகிறது. அது ஜிஎஸ்பி உள்ள அட்டைகளுக்கு மட்டுமானது. பாஸ்கல் நூவோவிலேயே தங்குகிறது. அதன் மேல் ஓடும் 'என்விகே' என்ற வல்கன் இயக்கி, பாஸ்கல் அட்டைகளிலும் வல்கன் தரநிலையின் இணக்கச் சோதனைகளில் தேறியிருக்கிறது. நிரல் முறையாக எழுதப்பட்டுள்ளது, படம் பிழையின்றி வருகிறது, அட்டை மட்டும் இன்னும் தொடக்க வேகத்திலேயே ஓடுகிறது.