எங்கே இறங்கும் என்பதே முதல் கேள்வி

ஆளில்லா விமானம் வாங்கும்போது எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கப்பலில் போய் அந்நியக் கரையில் இறங்கிப் போரிடும் படைக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. அமெரிக்க மரைன் படையின் அனுபவம் இதற்குச் சான்று.

1991 வளைகுடாப் போரில் போர்க்கப்பல்களிலிருந்து பயனியர் என்ற ஆளில்லா விமானங்கள் வேவு பார்த்தன. ஃபைலக்கா தீவில் ஈராக்கிய வீரர்கள் ஒரு பயனியரைக் கண்டதுமே வெள்ளைத் துணியை அசைத்துச் சரணடைந்தார்கள். பயன் பெரிதுதான். ஆனால் கப்பலுக்குத் திரும்பும் பயனியர், தளத்தில் கட்டிய வலையில் மோதித்தான் நிற்கும்.

2004-இல் ஈராக் சென்ற ஸ்கேன்ஈகிள், இறங்குவதில் உள்ள இந்தச் சிக்கலை நேர்த்தியாகத் தீர்த்தது. சூரை மீன் கூட்டங்களைத் தேட உருவான விமானத்தின் வழிவந்தது அது. காற்றழுத்த ஏவி அதை வானில் எறியும். திரும்பும்போது செங்குத்தாகத் தொங்கும் கயிற்றில் இறக்கை நுனிக் கொக்கி மாட்டிக்கொள்ளும். ஓடுதளமே தேவையில்லை. குறை, சுமைத்திறன்: கேமராவைத் தாண்டி அதிகம் ஏற்ற முடியாது. பின்னர் வந்த பிளாக்ஜாக் அதைவிடப் பெரிது. அதுவும் அடிப்படையில் வேவு விமானம்தான்.

இந்தக் குறையைப் போக்கப் போய், படை மறுகோடிக்குச் சென்றது. மக்ஸ் என்ற ஆளில்லா விமானத் திட்டத்தில், கப்பலிலிருந்து செங்குத்தாக எழும் ஒரே விமானம் வேவு, தாக்குதல், மின்னணுப் போர், தகவல் தொடர்பு, முன்னெச்சரிக்கை எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றார்கள். பேராசை பலிக்கவில்லை. 2020-இல் அந்த ஒற்றை விமானக் கனவைக் கைவிட்டு, பணிகளைப் பல விமானங்களுக்குப் பிரித்தார்கள். கரையிலிருந்து இயங்கும் பெரிய விமானமாக ரீப்பர் வந்தது.

ரீப்பர் ஒரு நாளுக்கு மேல் பறக்கும், ஏவுகணையும் ஏந்தும். பசிபிக்கின் பரப்புக்கு அது பொருத்தமே. ஆனால் 20 மீட்டர் இறக்கையுள்ள அதை, ஹெலிகாப்டர்களும் ஆஸ்ப்ரே விமானங்களும் நெருக்கியடிக்கும் தரையிறக்கக் கப்பலில் இறக்க முடியாது. நட்பு நாட்டு ஓடுதளம் வேண்டும். போதாக்குறைக்கு, மெதுவாகப் பறக்கும் ரீப்பர்கள் பலவற்றை ஏமன் வானில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் வீழ்த்தியிருக்கிறார்கள்.

ஆனாலும் ரீப்பரை வாங்கியது பிழையன்று. அதை மட்டும் நம்பினால்தான் பிழை. தொலைவைப் பார்க்கக் கரைத்தளப் பெருவிமானம், கரையேறும் அணியின் கையிலேயே இருக்கவும் இழந்தாலும் தாங்கவும் சிறுவிமானம் என இரண்டும் வேண்டும். எங்கே இறங்கும், யார் பழுது பார்ப்பார், இழந்தால் என்ன செலவு? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே பறக்கும் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.