வேதாளத்தின் கேள்வியும் மன்னனின் விடையும்: விக்கிரமாதித்தன் கதை – ஒரு மறுவாசிப்பு

மலேசியத் தமிழர் இல்லங்களில், குறிப்பாகத் தோட்டப்புறங்களில், நெடுங்காலம் உரக்க வாசிக்கப்பட்ட நூல்களுள் ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’யும் ஒன்று. அந்நூலின் பாடவேறுபாடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிறுவயதில் நம்மை ஆட்கொண்ட அந்நூலை நாற்பது வயதைக் கடந்தபின் மீண்டும் படித்தபோது எழுந்த ஓர் ஐயத்தைத் தமிழாசிரியர்கள் முன் வைப்பதே நோக்கமாகும்.

நாம் வளர்ந்த தெலுக் பங்லிமா காராங், பெயரிலேயே ஒரு கதைத் தலைவனைக் கொண்ட ஊர். சீற்றமிக்க படைத்தலைவனின் விரிகுடா என்பது அதன் பொருள். அந்தப் படைத்தலைவனும் விக்கிரமாதித்தனும் உறவினர் என்றே சிறுவயதில் நாம் நம்பியிருந்தோம். அம்மா தொழிற்சாலையில் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை செய்தார். இரவு வேலை வாரங்களில் அட்டை கிழிந்த அந்நூலைப் பாட்டி வாசிப்பார். அம்மாவின் வேலைமுறையையும் ‘காடாறு மாதம், நாடாறு மாதம்’ என்றே சொல்வார். ஆயிரம் ஆண்டு அரசாளும் வரத்தை ஈராயிரம் ஆண்டு வாழ்வாக நீட்டிக்கப் பட்டி கண்ட உத்தி, எங்கள் வீட்டில் உறக்கமில்லாத இரவுகளின் பெயராயிற்று. கிள்ளானிலிருந்து எப்போதாவது வரும் ‘அம்புலிமாமா’வில், ஓவியர் சங்கரின் கைவண்ணத்தில், வேதாளத்தின் உருவத்தையும் கண்டுகொண்டோம்.

அக்காலத்தில் நம்மைக் கவர்ந்தது மாயம் மட்டுமன்று, மன்னனின் விடையுந்தான். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்னும் அச்சுறுத்தலுக்கு நடுவே அவன் கூறும் தீர்ப்பு ஒவ்வொன்றும் மறுக்க முடியாததாகத் தோன்றியது. தலை மாறிய கதையை எடுத்துக்கொள்வோம். காளி கோயிலில் ஒருவன் தன் தலையை வெட்டிக்கொள்கிறான். உடன் வந்தவனும் அவ்வாறே செய்கிறான். காளியருளால் இருவரையும் உயிர்ப்பிக்கும் வாய்ப்பைப் பெற்ற பெண், பதற்றத்தில் தலைகளை உடல் மாற்றிப் பொருத்திவிடுகிறாள். உடன் வந்தவன் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் (11-ஆம் நூற்றாண்டு) அவளுடைய உடன்பிறந்தவன். வேறு வடிவங்களில் கணவனின் நண்பன். பாட்டி நண்பன் என்றே சொன்னார். இருவருள் கணவன் யார்? தலையே முதன்மையானது, ஆகவே கணவனின் தலையை உடையவனே கணவன் என்கிறான் மன்னன். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்னும் பழமொழியை அறிந்த நமக்கு அதில் ஐயமே எழவில்லை.

மறுவாசிப்பில் அந்த விடையருகே நின்றுவிட நேர்ந்தது. முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் இருந்தபோது ஹைன்ரிக் ஸிம்மரின் ‘மன்னனும் பிணமும்’ (1948) கைக்குக் கிடைத்தது. பாட்டியின் வேதாளம் அங்கே அறிஞர் நடுவில் அமர்ந்திருந்தது கண்டு வியந்தோம். பின்னரே தாமஸ் மான் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘மாறிய தலைகள்’ (1940) கதையையும், அதிலிருந்து கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் படைத்த ‘ஹயவதன’ நாடகத்தையும் (1971) படித்தோம். இருவருமே மன்னனின் தீர்ப்பை முடிவாக ஏற்கவில்லை. தலைக்குரியவனே கணவன் என்ற தீர்ப்பு அவர்களிடத்தும் வழங்கப்படுகிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் சிக்கலே தொடங்குகிறது. கர்னாட்டின் பத்மினிக்கு அறிவும் வேண்டும், வலிமையும் வேண்டும். அவளுக்கு ஒரு விருப்பம் உண்டு என்பதையே நம் வேதாளமும் மன்னனும் கருதிப் பார்க்கவில்லை. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அன்று கேட்டுக்கொண்டிருந்த நாமும் கேட்கவில்லை. பாட்டி மட்டும் இக்கதையின் முடிவில் சற்றுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருப்பார். அதற்குக் கண் வலிதான் காரணமோ என்னவோ.

இதனால் நூல் பழையது, பெண்களை இழிவுபடுத்துவது என்று ஒதுக்கிவிடலாமா? அத்தகைய பகுதிகள் அதில் உள்ளன என்பது உண்மையே. எனினும் நூலின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படுகிறது. மன்னன் விடை கூறும் ஒவ்வொரு முறையும் பிணம் முருங்கைமரத்துக்கே திரும்பிவிடுகிறது. அறிவுக்கு இங்கே பரிசு இல்லை; சரியான விடை என்பது மீண்டும் மரம் ஏறும் வேலையே. நாம் பெருமதிப்பு அளித்த விடைகளே இந்நூலின் மெலிந்த பகுதி எனலாம்.

கதாசரித்சாகர மரபில் வரும் இறுதிக் கேள்வி இதனை உறுதிப்படுத்துகிறது. தந்தையும் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கின்றனர். பெரிய தடத்துக்குரியவளைத் தந்தையும் சிறிய தடத்துக்குரியவளை மகனும் மணப்பதாக உடன்படுகின்றனர். சென்று பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயுடையது! சொன்ன சொல்லின்படியே திருமணங்கள் நடக்கின்றன. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? மன்னனுக்கு விடை தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். தெரியாமையால் வந்த மௌனம் ஆதலால் தலையும் வெடிக்கவில்லை. பிணமும் தோளைவிட்டு இறங்கவில்லை. முனிவனின் சூழ்ச்சியை வேதாளம் வெளிப்படுத்துவதும் இதற்குப் பின்னர்தான். சிறுவயதில் இக்கட்டம் நமக்கு ஏமாற்றமாகவே இருந்தது. மன்னன் தோற்றுவிட்டான் என்று எண்ணினோம்.

இங்கேதான் ஆசிரியர்களுக்குரிய சிக்கல் எழுகிறது. வேதாளக் கதையொன்றைப் பாடமாக நடத்தியவுடன் ‘இக்கதையின் படிப்பினை யாது?’ என்று கேட்பது நம் வழக்கம். நாமும் பல்லாண்டு அவ்வாறே வினாத்தாள் அமைத்திருக்கிறோம். மன்னனின் விடையை எழுதிய மாணவருக்கு முழுப்புள்ளியும் அளித்திருக்கிறோம். கேள்வியை எழுப்புவதற்கென்றே அமைந்த ஓர் இலக்கிய வடிவத்தைக் கேள்வி எழாதபடி பயிற்றுவித்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்மையில் ஒரு வகுப்பில் காலடித் தடக் கதையை மன்னனின் மௌனத்துக்கு முன்பே நிறுத்தினோம். மாணவர்கள் கரும்பலகையில் அம்புக்குறியிட்டுச் சித்தி, பேத்தி, மாமா என்று ஒவ்வொன்றாக எழுதியும் அழித்தும் பார்த்தனர். எந்தப் பெயரும் ஒன்றாய் நிலைக்கவில்லை. பாடவேளை முடிந்தும் ஒரு மாணவி சுண்ணக்கட்டியை வைக்காமல் நின்றிருந்தார். தலை மாறிய கதையில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றோம். “நூலில் இல்லையா, இல்லை நீங்கள் சொல்லவில்லையா, ஐயா?” என்றார் அவர்.