கொடிவழியில் யார் பெயர்?

குல வரலாற்று நூல்களை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தை ஒட்டி வரும் மலர், பங்காளிகள் பணம் போட்டு அச்சிடும் வம்சாவளி, இப்போது கணினியில் வரைந்து கூடத்தில் மாட்டும் மரப்படம் எல்லாவற்றையும் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் குடும்பத்தின் நினைவிலிருந்து பெண் எந்த இடத்தில் நழுவுகிறாள் என்பதை அந்தப் பக்கங்கள் வெளிப்படையாகவே காட்டுகின்றன. எங்கள் வீட்டு வம்சாவளியை அப்படி ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்கிறேன்.

எங்களுடையது மாகறல் நெசவுக் குடும்பம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில், சம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் உள்ள ஊர். பழைய பத்திரங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் தேடி, வயதானவர்களைக் கேட்டு, ஏழு தலைமுறையைத் தொகுத்தவர் என் பெரியப்பா. பல வருட உழைப்பு அது. அவர் தொகுக்காமல் விட்டிருந்தால் பல பெயர்கள் அவர்களோடே போயிருக்கும்.

அந்த நூலின் மொழியைக் கவனியுங்கள். “இன்னாருக்கு ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் இருவர்.” அடுத்த வரியில் மூவரின் பெயர்களும் வரும். இருவர் எண்ணிக்கையாகவே நின்றுவிடுவார்கள். வந்த மருமகள்களுக்குப் பிறந்த ஊர் உண்டு, பெயர் இல்லை: வாலாஜாபாத்காரி, உத்திரமேரூர்க்காரி. போன மகள்களுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் மட்டும் உண்டு. ஐந்தாம் தலைமுறை வரை ஒரு பெண்ணுக்கும் பெயர் கிடையாது. ஆண்கள் எல்லாரும் “தறி நெய்தவர்” என்று குறிக்கப்படுகிறார்கள். தார் சுற்றியவள், பாவு ஓடும்போது தெருவில் நின்று இழை எடுத்துக் கட்டியவள், கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியவள் யாரும் நூலில் இல்லை. ஒரு பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்க ஒருவர் கை போதாது என்பது நெசவாளி வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“அந்தக் காலத்தில் பெண் வழியைக் கணக்கு வைக்கிற வழக்கம் இல்லை” என்பது வழக்கமான சமாதானம். எங்கள் பக்கத்து ஊர்க் கல்வெட்டே இதை மறுக்கிறது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் குடவோலைக் கல்வெட்டு அது. அங்கிருந்த பிராமணச் சபையில் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. அந்த உறவினர் பட்டியலில் தாயின் அக்காள் தங்கைகளின் மகன்கள், அத்தை மகன்கள், தாய்மாமன், மனைவியின் சகோதரர்கள், சகோதரியின் கணவர், சகோதரியின் மகன், மருமகன் எல்லாரும் உண்டு. பொறுப்பில் சிக்கவைக்கப் பெண் வழி உறவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அந்த உறவுகளை இணைக்கும் பெண்களில் ஒருத்திக்கும் வாரியத்தில் இடமில்லை.

குலப் பெருமைக்குப் பேர்போன அயர்லாந்தையும் பார்க்கலாம். அங்கே குடும்பப் பெயரின் முன் வரும் ‘ஓ’ பேரனையும் வழித்தோன்றலையும், ‘மாக்’ மகனையும் குறிக்கும். ஐரிஷ் மொழியில் மகளுக்கென்று ‘நீ’, ‘நிக்’ என்று தனி முன்னொட்டுகள் இருக்கின்றன. ஆங்கில வடிவில் அவை உதிர்ந்து, மகளும் ‘மகன்’ என்ற பெயரையே சுமந்தாள். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அழிந்தது. இன்று மூதாதையரைத் தேடுகிறவர்கள் அதிகம் நம்பியிருப்பது 1901, 1911 கணக்கேடுகளை. 1911 ஏட்டில் மணமான பெண்ணிடம் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். குலத்தலைவர் பட்டியல் எதிலும் இல்லாத துயரம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அந்தத் துயரம் சாமியாகிவிட்டது. வட மாவட்டங்களில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவார்கள். குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்துபோன பெண் அவள். புடவை, பூ, மஞ்சள், வளையல் வைத்துக் கும்பிடுவோம். எங்கள் பூவாடைக்காரி யார் என்று ஆயாவைக் கேட்டேன். “புள்ள பெக்கும்போது போனவ. பேரு யாருக்குத் தெரியும்?” என்றாள். ஏழு தலைமுறை ஆண்களின் பெயரைத் தேடி எடுத்த குடும்பம், தான் கும்பிடும் பெண்ணின் பெயரைத் தொலைத்துவிட்டது.

பெயர் எங்கே பத்திரமாக இருக்கிறது என்றால், சொத்து இருக்கும் இடத்தில். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005 மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே இன்று வாரிசுச் சான்றிதழில் என் அத்தைகளின் பெயர் முழுதாக இருக்கிறது. அதற்கு அடுத்த ஆவணமான விடுதலைப் பத்திரத்திலும் இருக்கிறது. “அண்ணன் தம்பிக்குள்ள என்ன கணக்கு” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்ட பத்திரம் அது. விலக்கிவைக்கப் பெயர் தேவைப்பட்டது. அதே வருடம் அச்சான வம்சாவளியில் தேவைப்படவில்லை.

அப்படியானால் பெண்களின் பெயரையும் சேர்த்து அச்சிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. குலமும் கோத்திரமும் பார்ப்பது கல்யாணத்துக்காக. சாதி நிலைப்பதே அகமணத்தால்தான், அகமணம் நிலைப்பது பெண்ணைக் கட்டுப்படுத்துவதால் என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். எங்கள் நூலே சாட்சி. சாதி மாறி மணந்த ஒருத்தியின் கிளை அச்சுக்குப் போகும் முன் எடுக்கப்பட்டது. அதையே செய்த அவள் சித்தப்பா மகன் நூலில் இருக்கிறார். அவர் மனைவிக்கு மட்டும் ஊர் குறிக்கப்படவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வேலியை அப்படியே விட்டுவைக்கும் வம்சாவளி, வேலிக்குக் கூடுதல் ஆள் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

நாம் எழுதும் கொடிவழி வேறு கேள்விகளோடு தொடங்கட்டும். ஆயாவின் பெயர் என்ன, அவள் அம்மாவின் பெயர் என்ன? எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை தங்கின? என்ன வேலை செய்தாள், அதற்குக் கூலி யார் கையில் போனது? எந்தப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாள்? யாரைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது? கல்யாணமே செய்யாதவள், மறுமணம் செய்தவள், சாதி தாண்டிப் போனவள் எல்லாருக்கும் அதில் ஒரு வரி வேண்டும். தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். நமக்கு முன்னால் இருப்பவர்களில் பதில் சொல்லக்கூடியவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.