விலை இருக்கு, பட்டியல் எங்கே?

பழைய பொருள் விற்கும் இணையப் பக்கங்களில் பிக் ஃபன் பபிள்கம் கிரிக்கெட் படங்கள் அவ்வப்போது விற்பனைக்கு வரும். கூடவே "மிக அரிது" என்று ஒரு வரி இருக்கும். எந்த வருஷத்துப் படம், மொத்தம் எத்தனை படம் வந்தது, அதில் இது எத்தனையாவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. நம்ம ஊர் அட்டை சேகரிப்பின் மேல் எனக்கு இருக்கிற முக்கியமான குறை இதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1987-ல் ரிலையன்ஸ் உலகக் கோப்பை இங்கே நடந்தது. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் நாம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற அதே போட்டிதான். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பிக் ஃபன் வாங்கினால் ஒரு வீரர் படம் கிடைத்தது, அதில் ரன் அல்லது விக்கெட் கணக்கும் இருந்தது. குறிப்பிட்ட அளவு சேர்த்துக் கொடுத்தால் பரிசு. விரலால் படபடவென்று புரட்டினால் ஆட்டம் ஓடும் குட்டிப் புத்தகம் அது. கொடைக்கானல் மேல்மலையில், பூண்டி மாதிரி ஊரில் வளர்ந்த எங்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். இரண்டு சின்ன படத்துக்கு ஒரு பெரிய படம் என்று மாற்றிக்கொள்வோம்.

இப்போது அந்தப் படங்களுக்கு அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். 1952-ல் டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனது உண்மை. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அந்த செட்டில் 407 அட்டை, மேன்டில் 311-ஆம் எண். விற்காமல் தேங்கியதை டாப்ஸ் 1960-ல் கடலில் கொட்டிய கதை வரைக்கும் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெபர்சன் பர்டிக். பேராசிரியர் இல்லை, நியூயார்க் மாநிலம் சிராக்யூஸில் ஆலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் கை முடங்கிக்கொண்டே வந்தது. அப்படியும் அமெரிக்க அட்டைகளை வகை பிரித்து எண் கொடுத்தார். புகழ்பெற்ற 'டி206' என்ற பெயரே அவர் பட்டியலிலிருந்து வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேலான அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 1963-ல் இறந்தார். அவர் பட்டியலிலும் விலை உண்டு. ஆனால் விலைக்கு முன்னால் எண் இருந்தது.

நாம் எண்ணை விட்டுவிட்டு விலையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். இப்போது பிளாஸ்டிக் உறை, பத்துக்கு இத்தனை என்ற தர மதிப்பெண் எல்லாம் பேசுகிறார்கள். எங்கள் மலைப்பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகும்போதுகூட முதல் கேள்வி என்ன ரகம் என்பதுதான், அப்புறம்தான் பருமன். ரகம் தெரியாமல் தரம் பிரித்து என்ன பயன்?

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அமெரிக்க அட்டை, வாங்கியவரிடமே வைத்துக்கொள்ள வந்தது. பிக் ஃபன் படமோ திருப்பிக் கொடுக்க வந்தது. அப்படியென்றால் ரன் அதிகமுள்ள படம்தான் முதலில் கைவிட்டுப் போயிருக்கும், சின்ன எண் படங்கள் டப்பாவில் தங்கியிருக்கும். இது என் ஊகம். சரியென்றால் எது அரிது என்பதை வீரரின் பெயர் தீர்மானிக்காது. படத்திலுள்ள எண் தீர்மானிக்கும். கவாஸ்கர், கபில் என்று பெயருக்கு விலை வைப்பவர்கள் தப்பான பத்தியைப் பார்க்கிறார்கள். ஆனால் ஊகத்தைச் சோதிக்கப் பட்டியல் வேண்டுமே!

பட்டியல் இல்லாததால் நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான். நேற்று அச்சடித்த படத்தை 1987 என்று விற்றால் எதை வைத்து மறுப்பது? விஷயம் தெரிந்த கடைக்காரர்களுக்கும் அச்சகத்தாருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் போனால் கேட்க ஆள் இல்லை.

பெரிய வேலை இல்லை, ஒரு எக்செல் தாள் போதும். வீரர், ரன் அல்லது விக்கெட், அளவு, பின்பக்க வாசகம், எந்த ஊரில் கிடைத்தது என்று ஐந்து பத்தி. உங்களிடம் ஒரே ஒரு படம் இருந்தாலும் சரி, விற்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முதல் வரிசையை நான் தொடங்கிவிட்டேன்.