தரையைத் தொடாத பின்சக்கரம்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் டூரிங் கார்கள் ஓடும் நாளில், நான் கவனித்துவரும் ஓட்டுநர் ஒருவரின் கார் வளைவுக்குள் நுழைந்து உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் கேலரியில் ஒரு பதற்றம் பரவும். “பின்னாடி கிரிப்பே இல்ல, சுத்தப்போறாரு” என்று யாராவது சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். அந்தச் சக்கரம் எழும்புவதால்தான் அவர் வளைவை விட்டு மற்றவர்களுக்கு முன்பே பாய்கிறார்.

இவை முன்சக்கரம் இழுக்கும் கார்கள். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்ந்தே தீரும். எவ்வளவு என்பதை காரின் எடையும் உயரமும் அகலமும் வேகமும் முடிவு செய்துவிடும். அந்தச் சாய்வில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு சுமப்பது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்ட்டி ரோல் பாரையும் தடித்ததாகப் போட்டால் பெரும்பங்கு பின்னால் போகும். உள் முன்சக்கரம் தரையை விடாமல் அழுத்தும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காருக்கு இதுதான் உயிர். அந்த ஒரு சக்கரம் லேசானால் அது வெறுமனே சுழலும், எதிர்ச்சக்கரத்துக்கும் இழுவிசை போகாது. 1976இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ மூன்று சக்கரத்தில் வளைந்ததும் இந்தக் கணக்கில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் சக்கரம் நாலு விரல் உயரத்துக்கு மேல் போவதில்லை. சக்கரம் எழும்பிய நொடியிலேயே பின்பக்கம் கொடுக்கக்கூடியதை எல்லாம் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் சாய்வது அத்தனையும் முன்சக்கரங்களின் தலையில்தான் விழும். முழங்கால் உயரம் தூக்குகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும், நேரம் கிடைக்காது.

ஆனால் பாரை விட முக்கியம் அவருடைய வலது கால். முன்னால் போகிறவர் வளைவின் நடுவில் தயங்கினால் யாருடைய காலும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடும். இந்த செட்டப்பில் அப்படி விட்டால் எடை முன்னால் பாய்ந்து வால் சுழன்றுவிடும். அவர் விடுவதே இல்லை. பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்துக்கொண்டு, லேசாக மிதித்தபடியே காத்திருக்கிறார். முதல் இரண்டு சுற்றில் இடம் இழக்கிறார், தைரியம் போதாது என்கிறார்கள். இழுக்கும் வேலை இல்லாத, பிரேக்கிலும் சுமை குறைந்த பின் டயர்கள் சூடேற நேரம் பிடிக்கும். ஆறிய டயரில் விறைத்த பின்பக்கத்தை நம்பிப் பாய்வதற்குத் தைரியம் என்று பெயரில்லை.

இனி என்ன நடக்கும்? நடுவரிசைக்காரர்கள் சீக்கிரமே தடித்த பாருக்கு மாறுவார்கள். பார் கைக்கு வரும், அந்தக் கால் வராது. புல்வெளியில் திரும்பி நிற்கும் கார்களின் எண்ணிக்கை கூடும். கோயம்புத்தூர் கரி ட்ராக்கின் 2.1 கிலோமீட்டருக்குள் இறுக்கமான வளைவுகள் அடுத்தடுத்து வரும். வெளியேறும் இழுவைதான் அங்கே எல்லாம். அங்கே அவரைத்தான் முதலில் சொல்வேன். அக்டோபர் மழையில் ரேஸ் நடந்தால் மட்டும் என் கணிப்பு மாறும். அன்று பாரை இளக்கிவிட்டு, நாலு சக்கரமும் தரையில் பதிய, மற்றவர்களைப் போலவே வளைந்து வருவார். அவரை முந்த நினைப்பவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.